நிக்ஸி கடிகாரம்: இடம் மாற்றிய குழாயில் 6 பாதிதான் எரிகிறது. கேத்தோடு பாய்சனிங்தானா?

சிங்காநல்லூர்_குளம் | சனி, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கமுங்க. மூன்று வருடத்துக்கு முன்னால் நானே சால்டர் செய்து கட்டிய நிக்ஸி கடிகாரம் ஒன்று வீட்டில் ஓடுகிறது. நிக்ஸி என்றால் நியான் வாயுவுக்குள் 0 முதல் 9 வரை எண் வடிவக் கம்பிகளை (கேத்தோடு) அடுக்கிய கண்ணாடிக் குழாய், கரண்ட் போகிற எண் மட்டும் ஒளிரும். ரஷ்ய ஐஎன்-12 குழாய்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு கே155ஐடி1 ஐசி. மல்டிபிளெக்ஸ் (குழாய்களை மாற்றி மாற்றி எரிக்கும் முறை) கிடையாது. அனோடு (குழாயின் பிளஸ் முனை) சப்ளை 170 வோல்ட், ஒவ்வொரு குழாய்க்கும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர். 12 மணி நேர முறையில் ஓடுகிறது. மணியின் பத்தாம் இடத்தில் 1 வரும், இல்லாவிட்டால் அந்தக் குழாய் அணைந்திருக்கும்.

போன வாரம் தூசி துடைக்கக் குழாய்களைக் கழற்றினேன். திரும்பப் போடும்போது இடம் மாறிவிட்டது. மணியின் பத்தாம் இடத்தில் இருந்த குழாய் இப்போது நிமிடத்தின் ஒற்றை இடத்தில் இருக்கிறது. அங்கே பத்து எண்ணும் வரும் அல்லவா? 6 வந்தால் கீழ்ப்பாதி மட்டும் எரிகிறது. 2-இன் கழுத்துப் பக்கம் இருட்டு. 7-இல் ஒரு சின்ன ஓட்டை. மற்ற மூன்று குழாயை அந்த இடத்தில் போட்டால் இந்த எண்கள் பரவாயில்லை.

அதிலிருந்து மனசே சரியில்லை. என் அப்பா மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். அவர் இருக்கும்போது அவருக்குக் காட்ட வேண்டும் என்றே செய்த கடிகாரம் இது. காப்பாற்ற வழி உண்டா? இனி வராமல் தடுப்பது எப்படி?

---

மின்னல்_வீச்சு | சனி, இரவு 10:15

பாய்சனிங்தான், அதாவது எரியாத எண் மேல் அழுக்குப் படிவதுதான், சந்தேகமே வேண்டாம். அந்த எண்ணுக்கு மட்டும் 10 மில்லி ஆம்பியர் ஒரு நிமிடம் கொடுங்கள். படிந்தது எரிந்து போய்விடும். நான் ஒரு குழாயை இப்படித்தான் மீட்டேன்.

---

நாற்பதாம்_நம்பர் | சனி, இரவு 10:40

தம்பி, அவசரப்பட்டு 10 மில்லி ஆம்பியர் ஏற்றிவிடாதீர்கள். ஐஎன்-12 இரண்டு, இரண்டரை மில்லி ஆம்பியரில் ஓட வேண்டிய குழாய். நான்கு மடங்கு ஏற்றினால் படிந்தது போகும்தான். ஆனால் அந்த 6-இலிருந்து பெயர்கிற உலோகம் பக்கத்து எண்கள் மேலும் கண்ணாடி மேலும் போய் ஒட்டும். கண்ணாடி கறுத்தால் அதைத் துடைக்க வழியே இல்லை. அது கடைசி மருந்து.

முதலில் ஒரு கணக்கு. 170 வோல்ட்டில் குழாய் தனக்கு 140 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளும். மீதி 30 வோல்ட் 33 கிலோ ஓம் மேல் விழும். அப்படியென்றால் உங்கள் குழாயில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை. அளந்து சொல்லுங்கள். மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டர் இறங்கியதும் மல்டிமீட்டர் கிளிப்பை அனோடு ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மாட்டுங்கள். பிறகு ஆன் செய்து கையைத் தூரத்தில் வைத்துப் படியுங்கள். 170 வோல்ட் டிசி விளையாட்டு இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். மற்ற மூன்று குழாயையும் அந்த இடத்தில் போட்டால், 8, 0 வரும்போது உருவம் முழுக்க ஒளி மூடுகிறதா? நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

---

சிங்காநல்லூர்_குளம் | ஞாயிறு, காலை 8:20

அண்ணா, வெடியால எழுந்ததும் அளந்தேன். 29.5 வோல்ட். 33 கிலோ ஓம்மால் வகுத்தால் 0.9 மில்லி ஆம்பியர்.

8-ஐப் பற்றி நீங்கள் கேட்டது சரிதான். மூன்று குழாயிலும் 8-இன் மேல் வளைவில் ஓர் ஓரம் எரியவில்லை. 0-விலும் கொஞ்சம் விடுபடுகிறது. 1 மட்டும் எல்லாக் குழாயிலும் பளிச்சென்று இருக்கிறது. இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லை.

கரண்டைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் 33 கிலோ ஓம் போட்டேன்.

---

நாற்பதாம்_நம்பர் | ஞாயிறு, காலை 10:05

அப்படியானால் உங்களுக்கு இரண்டு நோய். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் வைத்தியம் தப்பாகும்.

முதல் நோய் பசி. குளிர் கேத்தோடு குழாயில் கரண்ட் குறைவாக இருக்கும்போது ஒளி கேத்தோடு முழுவதையும் மூடாது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இவ்வளவு கரண்ட் என்று ஓர் அளவு அதற்கு உண்டு. கரண்டைக் கூட்டினால் ஒளி தடிப்பதில்லை, பரவுகிறது. முழுக்கப் பரவி முடிந்த பிறகுதான் குழாயின் வோல்ட்டேஜ் ஏற ஆரம்பிக்கும், வெளிச்சமும் அடர்த்தியாகும். 1-க்குக் கம்பி நீளம் குறைவு என்பதால் 0.9 மில்லி ஆம்பியரே போதும். 8-க்கும் 0-வுக்கும் போதாது. எல்லாக் குழாயிலும், பெரிய எண்களில் மட்டும் ஓரம் விட்டால் அது பாய்சனிங் இல்லை. சோறு பற்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் உண்மையான பாய்சனிங். ஒரே குழாயில், குறிப்பிட்ட சில எண்களில், எப்போதும் அதே இடத்தில் இருட்டு இருந்தால் அது. உங்கள் 6, 2, 7.

குழாய்க்குள் நடப்பது இது. நியான் அயனிகள் எரிகிற கேத்தோடை நோக்கிப் பாய்ந்து அடிக்கின்றன. குழாய் எடுத்துக்கொள்ளும் 140 வோல்ட்டில் பெரும்பங்கு கேத்தோடை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் விழுகிறது. அந்த வேகத்தில் வந்து மோதினால் உலோக அணுக்கள் பெயர்ந்து பறக்கும். பத்து எண்ணும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லாமல் அடுக்கியிருப்பதால் பறந்தது பக்கத்து எண் மேல்தான் விழும். வாயுவில் கலந்திருக்கும் மாசும் அதோடு சேரும். படிவு ஏறிய இடத்தில் எலக்ட்ரான் எளிதில் கிளம்பாது, எனவே அந்த இடம் எரியாது.

உங்கள் குழாயில் மூன்று வருடமாக எரிந்தது 1 மட்டும்தான். 12 மணி முறையில் 10, 11, 12 என்று மூன்று மணி நேரம், பகலும் இரவுமாக ஒரு நாளைக்கு 6 மணி. மூன்று வருடத்துக்கு 6,570 மணி. மற்ற ஒன்பது எண்ணும் ஒரு நிமிடம்கூட எரியவில்லை. குழாயைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்கள் வரிசைக் கிரமமாக இருக்காது. 1-க்கு அண்டை வீட்டுக்காரர் யார் என்று சொல்லுங்கள்.

---

தறிமேடை | ஞாயிறு, மதியம் 1:30

பல்லடத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரன். கட்டிய கடிகாரம் இரண்டு, மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தது ஒன்று. பெரியவர் சொன்னதைப் படித்ததும் எங்கள் கொட்டகைதான் கண்ணில் வந்தது.

பத்துத் தறி இருக்கிற கொட்டகையில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். ஓடுகிற தறியில் பஞ்சு தங்காது. அது ஆடுகிற ஆட்டத்தில் தானே உதறிவிடும். உதறின பஞ்சு எங்கே போகும்? பக்கத்தில் சும்மா நிற்கிற தறி மேல். ஆறு மாதம் கழித்து அந்தத் தறியை ஓட்டப் போனால் நாடா ஓடாது, அச்சு அடைத்திருக்கும். எங்கள் ஊரில் ஆர்டர் இல்லாத காலத்திலும் தினம் கொஞ்ச நேரம் எல்லாத் தறியையும் ஓட்டி வைப்பார்கள்.

நிக்ஸியிலும் அதேதான். எரிகிற கேத்தோடு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது, அழுக்கைப் பக்கத்து எண்ணுக்குக் கொடுக்கிறது. ஆக, தடுப்பு என்பது ஒன்றே ஒன்று: பத்து எண்ணும் தினமும் ஒருக்காவாவது, முழுக் கரண்டில் எரிய வேண்டும்.

'முழுக் கரண்டில்' என்று சொன்னதைக் கவனிங்க. 0.9 மில்லி ஆம்பியரில் 8-ஐ எரித்தால் எரிகிற இடம் மட்டும்தான் சுத்தமாகும். எரியாத ஓரம் அழுக்கு வாங்கிக்கொண்டே இருக்கும். கரண்ட் குறைத்தால் ஆயுள் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. எண் முழுக்க ஒளி மூடுகிற அளவுக்குக் கீழே போனால் ஆயுளைக் கூட்டவில்லை, நோயைக் கூப்பிடுகிறோம்.

---

சிங்காநல்லூர்_குளம் | ஞாயிறு, மாலை 6:10

டார்ச் அடித்துப் பார்த்தேனுங்க. 1-ஐ ஒட்டி நிற்பது 6. அடுத்தது 2. அதற்கடுத்து 7. 3 எதிர்க்கோடியில் இருக்கிறது, அது சுத்தமாக எரிகிறது! நீங்கள் இருவரும் சொன்னது அப்படியே கண்ணெதிரே அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

சரி, இப்போது ரெசிஸ்டரை என்ன செய்ய?

---

தறிமேடை | ஞாயிறு, மாலை 6:45

பூஸ்ட் போர்டில் (வோல்ட்டை ஏற்றித் தரும் போர்டு) டிரிம்பாட் (வோல்ட்டை மாற்றும் சின்னத் திருகு) இருந்தால் 180 வோல்ட் வையுங்கள். ரெசிஸ்டர் 18 கிலோ ஓம். 40 வோல்ட்டை 18,000-ஆல் வகுத்தால் 2.2 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் சூடாவது 0.09 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். நான்கு குழாய்க்கும் சேர்த்து சப்ளை தர வேண்டியது சுமார் 1.6 வாட். உங்கள் போர்டு தாங்கும்.

சப்ளையை 170-இலேயே வைத்து ரெசிஸ்டரை மட்டும் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் குழாய்க்குக் குழாய் 5 வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் கரண்ட் ஏறி இறங்கும். சப்ளை உயரமாகவும் ரெசிஸ்டர் பெரிதாகவும் இருந்தால் எல்லாக் குழாயும் ஒரே மாதிரி ஓடும். எங்கள் பக்கம் மோட்டார் ஏறி இறங்கும்போது மெயின்ஸ் ஆடுகிற ஆட்டத்துக்கு அதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

---

பவானி_கூடல் | ஞாயிறு, இரவு 8:30

வணக்கம் அண்ணா, ஐயா. ஈரோட்டில் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐஎன்-14 குழாய் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போர்டு போடவில்லை. இரண்டு கேள்வி.

ஒன்று, பின்னால் வந்த நிக்ஸி குழாய்களில் பாதரசம் சேர்த்திருப்பார்கள், அதனால் உலோகம் பெயர்வது குறையும் என்று படித்தேன். அப்புறம் ஏன் கவலைப்பட வேண்டும்?

இரண்டு, 24 மணி முறைக்கு மாறினால் தீருமா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணியின் பத்தாம் இடத்தில் 0 பத்து மணி நேரம், 1 பத்து மணி நேரம், 2 நாலு மணி நேரம். 3 முதல் 9 வரை ஒன்றுமில்லை. நிமிடத்தின் பத்தாம் இடத்தில் 0 முதல் 5 வரை ஒவ்வொன்றும் நாலு மணி நேரம், 6 முதல் 9 வரை ஒன்றுமில்லை. நிமிடத்தின் ஒற்றை இடம் மட்டும்தான் நியாயமாக இருக்கிறது, ஒவ்வோர் எண்ணுக்கும் 2.4 மணி நேரம்.

---

நாற்பதாம்_நம்பர் | ஞாயிறு, இரவு 9:20

அம்மணி, கணக்கு அருமை. 24 மணி முறைக்கு மாறினால் 0-வும் 2-வும் பிழைக்கும், மற்ற ஏழும் அப்படியேதான் கிடக்கும்.

பாதரசம் பற்றி. ஹைடு பிரதர்ஸ் உருவாக்கி 1955-இல் பர்ரோஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்துக் குழாய்களுக்குச் சில ஆயிரம் மணி நேரம்தான் ஆயுள். ஒரு வருடத்துக்கு 8,760 மணி இருக்கிறது. 5,000 மணிக் குழாயை அணைக்காமல் ஓட்டினால் ஏழு மாதம்கூடத் தாங்காது. துளி பாதரசம் சேர்த்த பிறகு ஆயுள் பல மடங்கு கூடியது. ஒளிக்கு ஓரத்தில் லேசான நீலம் தெரிந்தால் அதுதான். ஆனாலும் அது உலோகம் பெயர்வதைக் குறைக்கிறது, நிறுத்தவில்லை. தம்பியின் குழாயே சாட்சி.

நான் பார்த்ததையும் சொல்கிறேன். எழுபதுகளில் கோவையில் ஒரு மில்லின் நூல் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆறு இலக்க நிக்ஸி கவுண்டர் ஒன்று உண்டு. நாங்கள் எண்ணுவது எல்லாம் நாலு இலக்கத்துக்குள் முடிந்துவிடும். இடது கோடியில் இரண்டு குழாயும் காலையிலிருந்து மாலைவரை 0, 0 என்றே நிற்கும். இரண்டு மூன்று வருடம் போனது. ஒருநாள் பெரிய எண்ணிக்கை ஒன்று எடுக்க வேண்டி வந்தது. ஐந்தாம் இலக்கத்தில் 4 வர வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது. மேற்பார்வையாளர் கவுண்டர் கெட்டுப்போனது என்று எழுதி வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. தொடக்க எண்ணை மாற்றி, மெதுவான துடிப்பு கொடுத்து, ராத்திரி ஷிப்டு முழுக்க அந்த இரண்டு குழாயையும் சுற்ற விட்டேன். நாலைந்து இரவில் பெரும்பாலும் திரும்பி வந்தது. அதன்பிறகு பொழுதோட கிளம்பும்போது கவுண்டரைச் சுற்ற விட்டுப் போவது என் பழக்கமாகிவிட்டது.

டெக்கட்ரான் (ஒளிப் புள்ளி கேத்தோடு விட்டுக் கேத்தோடு தாவி எண்ணும் வாயுக் குழாய்) வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரே கேத்தோடில் நாள் கணக்கில் ஒளியை நிறுத்தி வைத்தால் அடுத்ததற்குத் தாவ மறுக்கும். 50 சைக்கிள் துடிப்பில் இரவு முழுக்கச் சுழல விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். 1951-இல் இங்கிலாந்தில் ஹார்வெல்லில் ஓடத் தொடங்கிய டெக்கட்ரான் கணினியை 2012-இல் பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். அறுபது வருடப் பழைய ஜாதிக் குழாய்கள். ஓட்டம்தான் அவற்றுக்கு வைத்தியம்.

---

மின்னல்_வீச்சு | ஞாயிறு, இரவு 9:45

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நான் மீட்ட குழாயை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் லேசாகப் புகை படிந்த மாதிரி ஒரு கறுப்பு இருக்கிறது. முன்னால் அது இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. 10 மில்லி ஆம்பியர் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

ஆழியாறு | திங்கள், காலை 7:15

பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீட்டில் கடிகாரம் வைத்திருக்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடக்க வேண்டாம்.

பத்து எண்ணையும் சுற்றவிடும் நிரலை விடிகாலை 3 மணிக்கு என்று வைத்திருந்தேன். அந்த நேரத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை என்று ரோசனை. ஆனால் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான். மணி காக்கும் டிஎஸ்3231 சிப் பேட்டரியில் ஓடுவதால் மணி தப்பவில்லை. காலையில் கரண்ட் வந்ததும் கடிகாரம் சரியான மணி காட்டும். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. எட்டு மாதம் கழித்துத் தேதி காட்டும் வசதி சேர்த்தபோதுதான் மணி இடத்தில் 8 பொத்தல் விழுந்து வந்தது. எத்தனை இரவு சுற்றாமல் போனதோ!

இப்போது மாற்றிவிட்டேன். 3 மணி ஆனதா என்று பார்ப்பதில்லை. கடைசியாகச் சுற்றி முடித்த நேரத்தை எழுதி வைத்து, 24 மணிக்கு மேல் ஆகியிருந்தால் கரண்ட் வந்த உடனே சுற்றச் சொல்லியிருக்கிறேன். பகல் 11 மணிக்குச் சுற்றினாலும் சுற்றட்டும். வீட்டில் அம்மா 'கடியாரம் சாமியாடுது' என்பார், பழகிவிட்டது.

---

பவானி_கூடல் | திங்கள், இரவு 9:00

ஆழியாறு அண்ணா சொன்னதிலிருந்து ஒரு யோசனை. எல்லா எண்ணையும் சமமாகச் சுற்றுவது வீண் இல்லையா? மணிக்கு ஒரு நிமிடம் பத்து எண்ணையும் சுற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு 144 விநாடி கிடைக்கும். ஏற்கெனவே பத்து மணி நேரம் எரிந்த 0-வுக்கு அந்த 144 விநாடி எதற்கு? பட்டினி கிடக்கும் எண்களுக்கே முழுவதையும் கொடுத்தால் என்ன?

ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு நேரம் எரிந்தது என்று ஒரு பற்று வரவுக் கணக்கு வைப்பது. நான்கு குழாய், 40 எண், ஒவ்வொன்றுக்கும் 1 பைட். டிஎஸ்1307 என்ற மணி காக்கும் சிப்பில் பேட்டரியில் நிற்கும் 56 பைட் இடம் இருக்கிறது, அதில் அடங்கிவிடும். டிஎஸ்3231-இல் அப்படிப் பொது இடம் கிடையாது. அதற்கு நிரல் ஓடும் ஏவிஆர் சிப்பின் ஈஈபிராம் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்). அதில் ஓர் இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதலாம். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் 70 நாளில் தீர்ந்துவிடும். மணிக்கு ஒருமுறை எழுதினால் 11 வருடம் வரும்.

இரவில் அந்தந்தக் குழாயில் எந்த எண் குறைவாக எரிந்ததோ அதை எடுத்து, அடுத்த குறைந்த எண்ணுக்குச் சமமாகும்வரை எரியவிடுவது. அரை மணி நேரம் போதும் என்று நினைக்கிறேன். மணியின் பத்தாம் இடத்தில் ஏழு எண்ணுக்கும் தலா நாலு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது.

---

தறிமேடை | திங்கள், இரவு 9:50

நல்ல யோசனை அம்மணி, நிரல் எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் வெளிச்சம் குறைக்கிறேன் என்று சிலர் சப்ளையை 150-க்கு இறக்குவார்கள். அது மறுபடி பசி நோய். வெளிச்சம் குறைய வேண்டுமானால் முழுக் கரண்டில் எரித்து, நேரத்தை வெட்டிக் குறைக்க வேண்டும். கண்ணுக்குத் துடிப்புத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரித்தால் போதும். எரிகிற நேரமெல்லாம் ஒளி எண் முழுக்க மூடியிருக்கும். சுற்றும் நேரத்தில் அந்தக் குறைப்பையும் எடுத்துவிடுங்கள், முழு வெளிச்சத்தில் ஓடட்டும்.

உங்களுடையது ஐஎன்-14 என்றீர்கள். அதில் இரண்டு பக்கமும் புள்ளி உண்டு. புள்ளிக்கு எண்ணைவிட மிகக் குறைந்த கரண்ட்தான் தேவை. எண் எரியாமல் புள்ளி மட்டும் எரிந்தால் அனோடு ரெசிஸ்டரின் கரண்ட் முழுவதும் அந்த ஊசி முனையில் போய் விழும். புள்ளியின் கேத்தோடு பாதையில் தனி ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் கடிகாரத்தை அணைத்துவிடுவது. எரியாத குழாயில் எதுவும் பெயர்வதில்லை, எதுவும் படிவதில்லை. நான் ஆளைக் கண்டால் எரிகிற மாதிரி ஒரு பிஐஆர் சென்சார் வைத்திருக்கிறேன். கொட்டகைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அணைந்தே கிடக்கும்.

---

பவானி_கூடல் | திங்கள், இரவு 10:05

புள்ளி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி அண்ணா. போர்டு போடும் முன்னால் கேட்டது நல்லதாகப் போனது.

---

நாற்பதாம்_நம்பர் | செவ்வாய், காலை 6:40

சிங்காநல்லூர் தம்பிக்கு வைத்தியம் எழுதுகிறேன்.

அந்தக் குழாயைக் கடிகாரத்திலிருந்து எடுங்கள். தனி சாக்கெட்டில் வைத்து அனோடுக்கு 180 வோல்ட், 18 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். 6-இன் பின்னை மட்டும் கிரவுண்டில் கட்டுங்கள். மற்றவை சும்மா இருக்கட்டும். இரவு முழுக்க எரிய விடுங்கள். விளிம்பிலிருந்து ஒளி மெல்ல மெல்ல உள்ளே ஏறும், சேலையில் ஈரம் ஏறுகிற மாதிரி. மூன்று நாலு இரவில் நகரவே இல்லை என்றால் மட்டும் 12 கிலோ ஓம் போடுங்கள். சுமார் 3.3 மில்லி ஆம்பியர் வரும். அதற்கு மேல் வேண்டாம். அதையும் பகலில், பக்கத்தில் உட்கார்ந்து, பத்துப் பத்து நிமிடமாக.

6-ஐ மட்டும் விடாமல் எரித்துக்கொண்டே இருந்தால் 2-க்கு இன்னும் படியும். ஓர் இரவு 6, மறு இரவு 2, அடுத்து 7 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சாக்கெட்டை ஒரு மரப்பெட்டியில் வைத்து மூடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடாக இருந்தால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சப்ளையின் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும், அணைத்த பிறகு சார்ஜ் நிற்காது. தவறிக் குழாய் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்க் கால் மணி நேரம் கழித்து வாருங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம், பாதரசம் சிதறும். தடித்த அட்டையால் வழித்து, ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து மூடிய டப்பாவில் போடுங்கள்.

---

ஆழியாறு | செவ்வாய், காலை 7:30

ஐஎன்-12 சாக்கெட்டில் கழற்றி மாட்டும் வகை என்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருக்கா, பொங்கலுக்கு வீடு வெள்ளை அடிக்கிற சமயம், நான்கு குழாயையும் ஓரிடம் தள்ளிப் போட்டுவிடுங்கள். நாலு வருடத்தில் ஒவ்வொரு குழாயும் நிமிட ஒற்றை இடத்தில் ஒரு வருடம் இருந்துவிடும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இது போதும். ஐஎன்-14 போர்டில் நேரே சால்டர் செய்வது, அதற்கு முடியாது.

---

தறிமேடை | செவ்வாய், காலை 8:10

ஒரு வருடம் ரொம்ப நீளம் என்று எனக்குப் படுகிறது. சிங்காநல்லூர் தம்பி மாதிரி ஒரே எண் எரிகிற இடத்தில் ஒரு வருடம் இருந்தாலே 6-இல் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆறு மாதம் வையுங்கள். பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று.

---

சிங்காநல்லூர்_குளம் | அடுத்த வாரம், வியாழன், இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

சப்ளை 180, ரெசிஸ்டர் 18 கிலோ ஓம் மாற்றியதுமே மற்ற மூன்று குழாயிலும் 8, 0 முழுசாக வந்துவிட்டன. மூன்று வருடமாகப் பார்த்த கடிகாரம் இதுதானா என்று இருக்கிறது. அவற்றில் பாய்சனிங்கே இல்லை, வெறும் பசிதான்.

பெரியவர் சொன்ன மாதிரி தனிக் குழாயை மரப்பெட்டியில் வைத்தேன். முதல் இரவு 6. காலையில் பார்த்தால் இருட்டு விளிம்பு ஒரு நூல் அளவு ஏறியிருந்தது. நிஜமாகவே ஏறியதா, என் ஆசையா என்று தெரியவில்லை. அதனால் போனில் ஒரே இடத்திலிருந்து தினம் ஒரு படம் எடுத்தேன். இரண்டாம் முறை 6 வந்த இரவுக்குப் பிறகு படத்தில் சந்தேகமே இல்லை, பாதி முக்கால் ஆகிவிட்டது. 7 ஒரே இரவில் சரியானது. 2-க்கு இரண்டு இரவு. 12 கிலோ ஓம் போட வேண்டி வரவில்லை.

நிரலையும் மாற்றிவிட்டேன். பவானி_கூடல் சொன்ன பற்று வரவு எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இப்போதைக்கு மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு குழாயிலும் அந்த இடத்தில் வராத எண்கள் மட்டும் ஐந்து ஐந்து விநாடி வருகின்றன. கரண்ட் போய் வந்தால் உடனே ஒரு சுற்று.

---

நாற்பதாம்_நம்பர் | வியாழன், இரவு 10:55

நல்ல சேதி தம்பி. படம் எடுத்தது மிகவும் நல்ல காரியம், கண் ஏமாற்றும். 6 இன்னும் எத்தனை இரவு பாக்கி?

---

சிங்காநல்லூர்_குளம் | வியாழன், இரவு 11:20

தலை மேல் வளைவில் ஒரு நெல் அளவு பாக்கி இருக்கிறதுங்கய்யா. இன்றைக்கு இரவு மறுபடி 6-இன் முறை. பெட்டியை மூடி ஆன் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.